கூண்டுக்கோழி வீட்டுக்கு வந்த பிறகு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

பண்ணையில் கழித்துவிட்ட முட்டைக்கோழிகள் ஒன்பதை ஒரு மார்கழி விடியலில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாமக்கல் மாவட்டம், மோகனூர்ப் பக்கத்துப் பண்ணை. "அடுத்த வாரம் லாரி ஏறிருமுங்க, வேணும்னா இப்பவே எடுத்துக்கங்க" என்று வேலைக்காரர் சொன்னார், எடுத்துக்கொண்டேன். வேப்பமரத்தடியில் அட்டைப்பெட்டியைச் சாய்த்து, கோழிகளை வெளியே விட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டேன். ஒன்றுகூட நகரவில்லை. பெட்டி போன பிறகும், பெட்டி இருந்த அளவுக்குள்ளேயே ஒன்பதும் ஒட்டிக்கொண்டு நின்றன. திண்ணையிலிருந்து பார்த்த அத்தை, "சீக்குக் கோழியாப் பாத்துப் புடிச்சுட்டு வந்துட்டியா கண்ணு?" என்றார்.

சீக்கு இல்லை. ஆனால் அடுத்த பத்து நாளும் எனக்கு அதே சந்தேகம்தான். சீக்கு என்று நான் பதறியதில் முக்கால்வாசி வெறும் பழக்கமின்மை. பழகிவிடும் என்று நான் விட்ட ஒன்று உண்மையான சீக்கு, அதில் ஒரு கோழியை இழந்தேன். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே இருப்பதெல்லாம் அதற்காகத்தான்.

முதலில் இவை எங்கிருந்து வருகின்றன என்று தெரிய வேண்டும். நாளிதழில் முட்டை விலைக்குப் பக்கத்தில் 'முட்டைக்கோழி' என்று ஒரு விலை வருமே, அது இவற்றின் விலைதான். நாமக்கல் பண்ணைகளில் அதிகம் இருப்பது பிவி 300 என்கிற வெள்ளைக் கோழி, லெகார்ன் வழி வந்தது. ஏறக்குறைய 16 வார வயதில் கூண்டில் ஏறும். 72 முதல் 80 வாரத்தில், சில பண்ணைகளில் இன்னும் கொஞ்சம் தள்ளி, கீழே இறங்கும். இடைப்பட்ட நாளெல்லாம் ஒரு கோழிக்கு ஓர் ஏ4 தாள் அளவுகூட இடம் கிடையாது. காலடியில் சரிவான கம்பி. தலைக்கு மேல், கொத்தினால் சொட்டு விடும் நிப்பிளில் தண்ணீர், மூக்குக்கு நேராகத் தொட்டியில் மாவுத் தீவனம், பல்பு வெளிச்சத்தோடு சேர்த்து நாளுக்கு 16 மணி நேரப் பகல். மண், புல், மழை, படி, நிழல் எதுவும் அதற்குத் தெரியாது.

எந்த அறிகுறியைப் பார்த்தாலும் அதற்கு முன் நான்கு இடங்களைத் தொட்டுப் பாருங்கள். கண் பளிச்சென்று திறந்திருக்கிறதா? எச்சத்துவாரத்தைச் சுற்றிச் சுத்தமாக இருக்கிறதா? நெஞ்செலும்பின் இரு பக்கமும் கொஞ்சமாவது சதை இருக்கிறதா, கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதா? கடைசியாகத் தீனிப்பை. கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில், கோழியின் வலப்பக்கமாக இருக்கும் பை அது. அடையும் நேரத்தில் தொட்டால் எலுமிச்சை அளவுக்காவது உப்பியிருக்க வேண்டும், காலையில் காலியாக இருக்க வேண்டும். நாள் முழுக்க ஏதோ கொத்திக்கொண்டே இருந்த கோழியின் தீனிப்பை ராத்திரி காலியாக இருந்தால், அது கொத்தியது மட்டும்தான், தின்னவில்லை. கொண்டையை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். கூண்டுக்கோழியின் கொண்டை பெரிதாக, வெளிறி, ஒரு கண்ணை மறைத்தபடி மடிந்துதான் கிடக்கும். அது ஊதாவாகக் கறுத்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை

கண் தெளிவாக இருந்தால் இது பயம். தள்ளாதீர்கள், துரத்தாதீர்கள். முதல் மூன்று நான்கு நாளைக்கு முழுத் தோட்டத்தையும் திறந்துவிடுவதைவிட, பத்தடிக்குப் பத்தடி அளவில் வலையோ பழைய சேலையோ கட்டி ஓர் அடைப்பு போடுவது நல்லது. அவ்வளவு இடமே அவற்றுக்கு மைதானம். தரையில் வைக்கோலோ காய்ந்த வேப்பிலையோ பரப்பி விடுங்கள். ஒரு கோழி தவறுதலாகக் காலை இழுத்து, சருகு சரசரக்க, அதைப் பார்த்துத் தானே துள்ளிக் குதிக்கும். அரை மணி நேரம் கழித்து மறுபடி இழுத்துப் பார்க்கும். அப்புறம் சீய்ப்பதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. என் ஒன்பதில் முதல் கோழி இரண்டாம் நாள் சீய்த்தது, கடைசிக் கோழிக்கு ஒன்பது நாள் ஆனது.

பாத்திரம் நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் குடிக்கவில்லை

எல்லாவற்றிலும் அவசரம் இதுதான். தீவனம் இல்லாமல் ஒரு நாள் தாங்கும், வெயில் காலத்தில் தண்ணீர் இல்லாமல் தாங்காது. முட்டையிடும் கோழி நாளுக்குக் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடிக்கும், கோடையில் அதைவிட நிறையவே.

காரணம் எளிது. இந்தக் கோழிக்குத் தண்ணீர் என்றால் தலைக்கு மேல் பளபளக்கும் ஒரு சின்ன ஆணி. கழுத்தை நீட்டி அதைக் கொத்தினால் சொட்டு விழும். கீழே கிண்ணத்தில் அசையாமல் கிடப்பதும் தண்ணீர்தான் என்று அதற்கு யார் சொன்னது? முதல் நாள் மதியம் என் கோழி ஒன்று தண்ணீர்த் தட்டின் விளிம்பில் நின்றபடி தலையைத் தூக்கித் தூக்கி வெறும் காற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. காலடியில் இரண்டு லிட்டர் தண்ணீர். எனக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு மணி நேரம் ஆனது.

சரி, என்ன செய்வது? கோழித் தீவனக் கடையில் நிப்பிள் தனியாகவே கிடைக்கும், விலை சில ரூபாய்தான். பழைய பெயின்ட் வாளியின் அடியில் துளை போட்டு நான்கைந்து நிப்பிளைத் திருகி, கோழி நிமிர்ந்து பார்க்கும் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே தொங்கவிடுங்கள். அதற்கு நேர் கீழே ஆழமில்லாத தட்டை வையுங்கள். நிப்பிளில் குடிக்கும்போது சிந்தும் சொட்டு தட்டில் விழும், தண்ணீர் அலையும், மினுங்கும், கோழி குனிந்து பார்க்கும். என் கோழிகள் ஒரு வாரத்தில் இறங்கிவந்து தட்டிலேயே குடித்தன. இன்றைக்கு வாளி இருந்தாலும் சீண்டுவதில்லை.

நிப்பிள் உடனே கிடைக்காவிட்டால், விரல் நுனியில் தண்ணீர் எடுத்து அலகின் ஓரத்தில் தடவிக் காட்டுங்கள். அலகின் நுனியை மட்டும் தட்டில் தொட வையுங்கள். மூக்குத் துவாரம் முங்கும்படி தலையை அமுக்கினால் தண்ணீர் உள்ளே போய்விடும். ஒன்பதுக்கும் செய்ய வேண்டியதில்லை. ஒன்று குடித்தால் மற்றவை பார்த்துக் குடிக்கும். தண்ணீர் நிழலில் இருக்கட்டும். சுட்ட தண்ணீரைக் கோழி தொடாது.

தீவனத்தைக் கொத்துகிறது, தீனிப்பை மட்டும் காலி

இங்கே இரண்டு சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். முதலாவது, இது அரிசி, கம்பு, சோளம் எதையும் பார்த்ததில்லை. நாம் பாசத்தோடு ஒரு கைப்பிடிக் கம்பை வீசினால் அது விலகி ஓடும். இரண்டாவது அலகு. குஞ்சுப் பருவத்திலேயே, ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்க, சூடான தகட்டில் அலகின் நுனியை வெட்டியிருப்பார்கள். கையில் பிடித்து உற்றுப் பாருங்கள்: மேல் அலகு மழுங்கி, குட்டையாக, கீழ் அலகு ஒரு கரண்டி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த அலகால் சிமென்ட் தரையில் கிடக்கும் ஒற்றைக் கம்பை எடுக்கவே முடியாது. ஒவ்வொரு முறையும் தானியம் உருண்டு ஓடும், கோழி மறுபடி மறுபடி கொத்தும். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தின்கிற மாதிரித்தான் தெரியும்.

அதனால் தீவனம் ஆழமாக இருக்க வேண்டும். நான்கு விரல் ஆழமுள்ள பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பி வைத்தால் அள்ளித் தின்னும். தீவனம் என்ன? முதல் மூன்று நான்கு வாரம் பண்ணையில் போட்ட அதே முட்டைக்கோழி மாவுத் தீவனம்தான். 'இயற்கையாக வளர்க்கிறேன்' என்று முதல் நாளே மூட்டையை ஒதுக்கிவிட்டு நொய்யரிசிக்கு மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரிசியில் அந்தக் கோழிக்கு வேண்டிய புரதமும் இல்லை, சுண்ணாம்புச் சத்தும் இல்லை. அதன் உடம்பு இன்னும் முட்டை போட்டுக்கொண்டே இருக்கிறது, தீவனத்தில் கிடைக்காததை எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். ஒரு கோழிக்கு நாளுக்கு 100 முதல் 115 கிராம் தீவனம் என்று கணக்கு வையுங்கள். தின்னாத கோழிக்கு மாவைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் புட்டு மாவுப் பதத்துக்குப் பிசறி வைத்தால் ஓடி வரும். மீந்ததைச் சாயங்காலமே எடுத்துவிடுங்கள், ராத்திரி தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

கீரையையும் தானியத்தையும் அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டலாம். முருங்கைக் கொத்தைக் கோழியின் முகத்துக்கு நேராகத் தொங்கவிட்டால் தரையில் போடுவதைவிடச் சீக்கிரம் பழகும். தானியம் தின்ன ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் ஒரு தட்டில் பொடிக்கல்லும் வைக்க வேண்டும். மாவுக்குத் தேவைப்படாத கல் தானியத்தை அரைக்கத் தேவை.

நடக்கவில்லை, உட்கார்ந்தே இருக்கிறது

இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மூன்று விதமாக இருக்கலாம்.

கோழியை இரு கையாலும் தூக்கி நிற்க வையுங்கள். கொஞ்ச நேரம் நின்று, நாலடி தள்ளாடி நடந்து, மறுபடி உட்கார்ந்தால் அது வெறும் சோர்வு. ஒரு வருஷத்துக்கு மேல் நடக்காத கால் அது. நகமும் வளைந்து நீண்டிருக்கும், கம்பியில் தேய்வதற்கு வழியில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நகத்துக்குள் ரத்தக்குழாய் சிவப்பாகத் தெரியும். அதற்கு வெகு முன்னாலேயே நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள். தவறி ரத்தம் வந்தால் மஞ்சள்தூளை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். மண்ணில் விட்ட நான்கைந்து நாளில் நடை வந்துவிடும்.

நிற்கவே முடியாமல் பக்கவாட்டில் சரிகிறது, ஆனால் கண் தெளிவு, தீவனத்தை வாயருகே நீட்டினால் ஆவலாகத் தின்கிறது என்றால், எலும்பில் சுண்ணாம்பு தீர்ந்திருக்கிறது. முட்டை ஓட்டுக்காக எலும்பைக் கரைத்துக் கரைத்து வந்து நின்ற இடம் அது. மற்றவை மிதிக்காதபடி தனியாக, வைக்கோல் மெத்தையில், தலை எட்டும் இடத்தில் தீவனமும் தண்ணீரும் வைத்துப் படுக்க விடுங்கள். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டிய அளவு தானே எடுத்துக்கொள்ளும். கால்நடை மருந்துக்கடையில் வைட்டமின் டி3 கலந்த கால்சியம் திரவம் இருக்கிறது, அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலை வெயிலும் வேண்டும். ஒரு வாரத்தில் எழுந்துவிட்ட கோழியும் உண்டு, எழாத கோழியும் உண்டு.

மூன்றாவது, எலும்பு முறிவு. ஓர் இறக்கை மட்டும் தொங்கும், அல்லது ஒரு கால் ஒத்துழைக்காது, தொட்ட இடம் வீங்கிச் சுடும். இது பெரும்பாலும் கூண்டிலிருந்து இறக்கும்போதே நடந்திருக்கும். காலைப் பிடித்துத் தலைகீழாக நாலைந்தை ஒரு கையில் தூக்குவது நம் ஊர் வழக்கம். இந்தக் கோழியின் எலும்பு அதைத் தாங்காது. இறக்கை இரண்டையும் உடம்போடு சேர்த்து அணைத்து, பலாப்பழம் தூக்குகிற மாதிரி இரு கையாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள். அடையும் கட்டையையும் முதல் மாதம் ஓரடி உயரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஆர்வத்தில் ஏறிவிடும், குதிக்கும்போது நெஞ்செலும்பு விண்டுபோகும்.

ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக்கொண்டு கிடந்தாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டாலோ இந்த மூன்றில் எதுவும் இல்லை. அது நரம்பைத் தாக்கும் நோய். உடனே பிரித்துவைத்து மருத்துவரை அழையுங்கள்.

வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சால்தான் சூட்டைத் தள்ளும். நண்பகலில், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு இளைத்தால் அது வெக்கை. நிழல், ஈரச்சாக்கு, குளிர்ந்த தண்ணீர் போதும். கோழியின் தலையில் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், காலும் கொண்டையும் நனைந்தால் சரி. விடியலில், குளிர்ந்த நேரத்தில், மூக்கில் சளியோடும் முக வீக்கத்தோடும் குறுகுறு சத்தத்தோடும் இளைத்தால் அது சீக்கு.

சித்திரை வைகாசியில் கோழி எடுக்கவே எடுக்காதீர்கள் என்பேன். பாதி இறகில்லாமல் வரும் வெள்ளைக் கோழியின் தோல் வெயிலில் சிவந்து வெந்துவிடும். எப்போது எடுத்தாலும் ராத்திரியோ விடியலிலோ கொண்டுவாருங்கள்.

இருட்டினால் கொட்டகைக்குள் போகவில்லை

இருட்டினால் ஓரிடம் தேடிப் போய் அடையும் பழக்கமே அதற்கு இல்லை. பொழுது சாயும்போது நின்ற இடத்தில் குந்திக்கொள்ளும். ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வையுங்கள், ஒரு வாரம் இதே வேலைதான். உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பு எரிந்தால் வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக நுழைவதும் உண்டு. முதல் மூன்று ராத்திரி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடியில் இருப்பது மூச்சுத் திணறும். மூலையை வைக்கோல் கட்டால் அடைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. கதவைப் பூட்ட மறக்க வேண்டாம். வெள்ளை நிறம் இருட்டிலும் தெரியும். மரநாய்க்கு இவை ஓடத் தெரியாத விருந்து.

ஒன்றையொன்று கொத்தி ரத்தம் வருகிறது

கூண்டில் மூன்று நான்கு கோழிக்குள் யார் பெரியவள் என்பது முடிவாகியிருக்கும். இங்கே ஒன்பதும் புதுசு, மறுபடி முதலிலிருந்து. மண்டையில் ஒரு கொத்து, ஒரு துரத்தல், அடிபட்டது தலை குனிந்து விலகல் என்று முடிந்தால் தலையிடாதீர்கள். மூன்று நாளில் ஓயும். ரத்தம் தெரிந்தால் மட்டும் உடனே கை வைக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அடிபட்டதைப் பிரித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டால் கசப்புக்கு மற்றவை வாய் வைக்காது. கூடவே தீவனப் பாத்திரம் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். நடுவே ஒரு கட்டை, சாய்த்து வைத்த ஒரு பலகை என்று ஒளிந்துகொள்ள மறைவு வேண்டும். முட்டைக்கோஸ் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். சண்டைக்காரக் கோழி இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டியது.

வீட்டில் ஏற்கனவே நாட்டுக்கோழி இருந்தால் கதை வேறு. நம் நாட்டுக்கோழியின் அலகு கூர், இவற்றின் அலகு மொட்டை. ஒரு நாட்டுப்பெட்டை போதும், ஒன்பதையும் மூலையில் முடக்கிவிடும். ஆனால் எனக்குச் சண்டையைவிட நோய்தான் பயம். பண்ணைக்கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பலமுறை போட்டிருப்பார்கள். அதன் உடம்பில் கிருமி இருந்தாலும் வெளியே தெரியாது. ஊசி போடாத நாட்டுக்கோழிக்கு அது ஒட்டினால் தெருவே காலியாகும். 21 நாள் தனித்தனியாக வையுங்கள், செருப்பும் தண்ணீர்த் தட்டும்கூடத் தனி. அதற்குள் நாட்டுக்கோழிகளுக்கு ஊசி போட்டுவிடுங்கள். கால்நடைத் துறை பிப்ரவரி வாக்கில் ஊர் ஊராக முகாம் போடுகிறது, மற்ற நாளில் மருந்தகத்தில் கேட்கலாம். 21 நாள் கழித்து ஒரு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பார்க்க விட்டு, அப்புறம் ஒரு சாயங்காலம் அடையும் நேரத்தில் சேர்த்துவிடுங்கள்.

இறகு கொட்டுகிறது, முட்டையும் நின்றுவிட்டது

16 மணி நேர வெளிச்சத்திலிருந்து நம் ஊரின் ஏறக்குறைய 12 மணி நேரப் பகலுக்கு வந்தால் உடம்பு இதை ஓய்வுக் காலம் என்று எடுத்துக்கொள்ளும். பழைய இறகை உதிர்த்துப் புது இறகு முளைக்க வைக்கும். அதற்குப் புரதம் போய்விடுவதால் முட்டை நிற்கும். ஆறிலிருந்து பத்து வாரம் வரை ஆகலாம். முளைக்கிற இறகு முள்முள்ளாக, உள்ளே ரத்தத்தோடு இருக்கும். அப்போது தூக்கினால் வலிக்கும், தூக்காதீர்கள். கொஞ்சம் கருவாட்டுத் தூளோ, ஊறவைத்து வேகவைத்த பயறோ தீவனத்தில் சேருங்கள். முட்டைக்காக ராத்திரி பல்பு போடச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இடைவிடாமல் போட்டுக் களைத்த உடம்பு, நான் போடவில்லை.

இறகு கொட்டுவதோடு கோழி சொறிந்துகொண்டே இருந்தால், ராத்திரி டார்ச் அடித்து எச்சத்துவாரத்தைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் பாருங்கள். செல், அதாவது ரத்தம் உறிஞ்சும் பொடிப் பூச்சி, பிடித்திருக்கும். செம்மண்ணும் அடுப்புச் சாம்பலும் பாதிப் பாதி கலந்து, ஒரு பழைய டயருக்குள் கொட்டி வையுங்கள். முதல்முறை கோழி அதில் புரளும்போது யாராவது பக்கத்தில் இருந்தால் செத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். கால் ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம், கண் பாதி மூடி. அத்தை அலறியே விட்டார். அது குளிக்கிறது, விடுங்கள். கட்டையின் இடுக்கையும் கூரையின் மூங்கில் துளையையும் பாருங்கள், செல் பகலில் அங்கேதான் ஒளிந்திருக்கும். கூரையைச் சுத்தம் செய்யாமல் கோழியை மட்டும் பார்த்துப் பயனில்லை.

தோல் முட்டை, அல்லது முட்டை வராமல் திணறுகிறது

ஓடில்லாத தோல் முட்டை முதல் வாரத்தில் ஒன்றிரண்டு வந்தால் பயணத்தின் அதிர்ச்சி. தொடர்ந்து வந்தால் கிளிஞ்சல் போதவில்லை. கண்ட இடத்தில் போட்டு உடைப்பதும் சகஜம்தான். இருட்டான ஒரு கூடையில் வைக்கோல் போட்டு, முட்டை அளவில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வைத்தால் இடம் புரிந்துகொள்ளும். உடைந்த முட்டையை உடனே துடைத்துவிடுங்கள், ருசி கண்டுவிட்டால் நிறுத்துவது கஷ்டம்.

நான் இழந்த கோழி இதில்தான் போனது. நான்காம் நாள் அது மூலையில் தனியாக நின்றது. வாலைத் தாழ்த்தி, முதுகை நிமிர்த்தி, நெட்டுக்குத்தாக. கூச்சம், பழகட்டும் என்று விட்டேன். மூன்றைத் தண்ணீருக்குப் பழக்கிய பெருமையில் இருந்தேன். மறுநாள் காலையில் வால் மேலும் கீழும் துடித்தது, எச்சமாக வெள்ளை நீர் மட்டும் வந்தது, தீனிப்பை காலி. உள்ளே முட்டை சிக்கியிருந்தது. கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது.

அந்த நிற்கும் விதத்தைப் பார்த்துவிட்டால் காத்திருக்காதீர்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு முங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வையுங்கள், பயப்படாது, பல கோழிகள் கண்ணை மூடிக்கொள்ளும். துடைத்து, துவாரத்தைச் சுற்றித் தேங்காயெண்ணெய் தடவி, இருட்டான வெதுவெதுப்பான இடத்தில் விடுங்கள். ஒரு முறை இரண்டு முறை பார்க்கலாம், அன்றைக்கே முட்டை வரவில்லையென்றால் மருத்துவர்தான். விரலை விட்டு முட்டையை உடைக்கும் வேலை வேண்டாம், ஓட்டுத் துண்டு உள்ளே கிழித்துவிடும். துவாரத்தில் சிவப்பாகச் சதை பிதுங்கியிருந்தாலும் அப்படியே. மற்றவை கொத்துவதற்குள் பிரித்துவிட்டு, மருத்துவமனைக்குப் போங்கள்.

எச்சம் வேறு மாதிரி இருக்கிறது

பழுப்பாகக் குழகுழவென்று, நாற்றம் குடலைப் பிடுங்கினாலும், எட்டுப் பத்துக்கு ஒன்று அப்படி வருவது இயல்பு. கோடையில் தண்ணீராகப் போவதும் நிறையக் குடித்ததால்தான். கரும்பச்சையாகக் கொஞ்சமே கொஞ்சம் வந்தால் வயிற்றில் தீவனமே இல்லை, பாத்திரத்தையும் அலகையும் கவனியுங்கள். ரத்தம் கலந்து, கோழியும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு குறுகி நின்றால் ரத்தக்கழிச்சல். மண்ணையே தொடாமல் வளர்ந்ததால் மண்ணில் இருக்கும் அந்தக் கிருமிக்கு இதனிடம் எதிர்ப்பு குறைவு. எச்சத்தை ஒரு கவரில் எடுத்துக்கொண்டு மருந்தகம் போங்கள், மருந்து உண்டு. எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக்கூடாது என்று கேட்டு வாங்குங்கள். நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மற்றவர்கள் 1962க்கு அழைக்கலாம், அது கால்நடை ஆம்புலன்ஸ் எண்.

காரணமே தெரியாமல் ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தால், கொண்டையும் தாடியும் நீலம்பாரித்திருந்தால், அறுத்துப் பார்க்காதீர்கள், கறியாக்காதீர்கள், ஆற்றில் போடாதீர்கள். கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட்டு மற்ற வேலை.

மதில்மேல் ஏறிவிட்டது

இது மூன்றாம் மாதத்துச் சிக்கல். இறகு முழுக்க முளைத்து, கொண்டை சுருங்கிச் சிவந்து, பார்த்தால் அதே கோழி என்று சொல்ல முடியாது. லெகார்ன் உடம்பு லேசானது, ஒன்றரைக் கிலோ இருக்கும், நன்றாகவே பறக்கும். என்னுடையவற்றில் ஒன்று பக்கத்து வீட்டு அக்காவின் கீரைப்பாத்தியில் இறங்கி, தண்டங்கீரையை வேரோடு சீய்த்துவிட்டு, அங்கேயே ஒரு முட்டையும் போட்டுவைத்திருந்தது. அக்கா முட்டையை எடுத்துக்கொண்டு கோழியைத் திருப்பித் தந்தார்.

ஒரு பக்க இறக்கையை மட்டும் விரித்துப் பிடித்து, நுனியில் இருக்கும் பத்து நீளமான இறகுகளைப் பாதி நீளத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். தண்டு வெள்ளையாக இருக்கும் முற்றிய இறகில் மட்டும் கத்தரி வையுங்கள், ரத்தம் ஓடும் இளம் இறகைத் தொடாதீர்கள். இரண்டு பக்கமும் வெட்டினால் சமமாகப் பறந்துவிடும், ஒரு பக்கம் வெட்டினால்தான் சாயும். அடுத்த இறகுதிர்வில் புதிதாக முளைத்துவிடும், அப்போது மறுபடி வெட்ட வேண்டும்.